கந்தசஷ்டியில் வந்த மான்

இரத்தினவேல் அண்ணையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. கனடாவில், அஜக்ஸில் இருவரும் ஒரே பக்டரியில் வேலை. அவருக்கு ஐம்பத்தாறு வயது, முழங்காலில் வலி. இருந்தும் மூன்று வருடம் லீவு நாளெல்லாம் காட்டில்தான் கழித்தார். ஒரு மான்கூட அகப்படவில்லை. அவர் போனது அரசாங்கக் காடு, லைசன்ஸ் உள்ள எவரும் அங்கே வேட்டையாடலாம். அண்ணை பார்த்து வைத்த இடத்தில் விடிவதற்குள் வேறு எவனாவது குந்தியிருப்பான்.

நாலாம் வருடம் ஒரு முடிவோடு இறங்கினார். கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் நடந்தால் ஒரு சதுப்பு நிலம் வரும். சோம்பேறிகள் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள், அவர்களுடைய சத்தத்துக்கு மிரளும் மான் அங்கேதான் ஒதுங்கும் என்றார். மான் கொம்பால் உரசிப் பட்டை உரித்த மரங்களைத் தேடித் திரிந்தார். ஒரு மரத்தில் கமரா கட்டினார். ஓகஸ்டில் அதில் ஓர் ஆண் மானின் படம் விழுந்தது, கொம்பு கிளைத்து எட்டுக் கவர். அந்தப் படத்தை எனக்கு எத்தனை தரம் காட்டினார் என்று கேட்காதீர்கள்! கமராவில் வேறு ஆண் மான் வரவேயில்லை. எங்கள் லைசன்ஸுக்குப் பெண் மானைச் சுடவும் முடியாது.

துவக்கு வேட்டைக்கு அந்தப் பகுதியில் நவம்பரில் ஒரேயொரு கிழமைதான், திங்களிலிருந்து சனி வரை. அண்ணை மார்ச்சிலேயே லீவு போட்டுவிட்டார். போனில் நிலவுக் கணக்கைப் பார்த்து, "அமாவாசை கழிஞ்ச கிழமை, பஸ்ரியன். மான் பகலிலை நல்லா நடமாடும்" என்று துள்ளினார்.

ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் என்ன தொடங்கும் என்று கத்தோலிக்கனான எனக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குமா தெரியாது? மகள் நிரூபாவுக்குக் கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளையில்லை. செப்டெம்பரில் றிச்மண்ட் ஹில் கோயிலில் நின்று, அவளுக்கு ஒரு பிள்ளை கிடைக்க இந்த முறை மனைவியோடு தானும் கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் பிடிப்பதாக நேர்ந்துவிட்டார். காற்றுப் பார்த்தார், நிலவு பார்த்தார். குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரை மட்டும் பார்க்கவில்லை.

விரதம் சனிக்கிழமை தொடங்கியது, வேட்டை திங்கட்கிழமை. விரதம் வியாழன் முடியும், வெள்ளி எப்படியும் மரக்கறி, சனிக்கிழமை சுடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அதுவரை இடத்தை வேறு ஒருவரும் பிடிக்காமல் காவல் இருக்க வேண்டுமாம்! பாலும் பழமுமாய்க் கிடந்த உடம்போடு, தோட்டா போடாத துவக்கை மடியில் வைத்துக்கொண்டு தினமும் போய்க் குந்தினார். என்னையும் லீவு போடவைத்துப் பக்கத்து மேட்டில் இருத்தினார்.

"நீ வேதக்காரன், உனக்கென்ன? கண்டால் சுடு."

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அந்த எட்டுக் கவர் என் முன்னால் வந்து நின்றது. சுட்டேன். ஒரே வெடி. அண்ணை நொண்டி நொண்டி வந்து அதன் பக்கத்தில் குந்திவிட்டார்.

"என்னட்டைத்தான் முதல் வந்தது. முப்பது அடி இருக்கும். நிண்டு என்னையே பார்த்தது."

"சுட்டிருக்கலாமே அண்ணை!"

"ஆறாம் நாளடா. இண்டையோடை முடியுது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்கோ மான் அடித்த சந்தோசமே போய்விட்டது.

அவ்வளவு தூரம் தனியே இழுக்க என்னால் முடியவில்லை. "நீங்கள் தொடாதீங்கோ, ஆரையும் கூப்பிடுறன்" என்றேன். போனில் சிக்னல் இல்லை. அவர் எழும்பி ஒரு பக்கக் கொம்பைப் பிடித்தார். வெறும் வயிற்றோடு மூன்று இடத்தில் குந்திக் குந்தி எழும்பினார். காருக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

அண்ணை வீட்டு வாசலில் அவர் மனைவி யோகமலர் அக்கா கோயிலில் சூரன்போருக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு நின்றார். கண் நேரே அண்ணையின் கைக்குப் போனது.

"உதென்ன ரத்தம்?"

"நான் சுடேல்லையப்பா. பஸ்ரியன்தான். இழுக்கத்தான் பிடிச்சனான்."

"தொட்டனீங்களோ இல்லையோ?"

"ஓம்."

"அப்ப விரதம் முறிஞ்சு போச்சு. இனி அடுத்த வருசம்தான்."

அண்ணை காரில் சாய்ந்துகொண்டார். நாலு வருட ஆத்திரமும் அப்போதுதான் வெளியே வந்தது.

"அப்ப நானே சுட்டிருக்கலாமே, யோகம்!"

நான் குறுக்கே விழுந்து, எல்லாம் என் பிழை என்று சொல்லப் பார்த்தேன். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போய்க் குளியுங்கோ" என்றார் பிறகு. "பிள்ளை நிரூபா இப்ப கோயிலுக்கு வந்திடும். அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ."