மூன்றாவது பொத்தான்

போன வாரம் ஒரு குளிர் அறைக்குள் அகப்பட்டுக்கொண்டேன். நான், ஒரு டிரெக்டர், பெட்டி பெட்டியாக இறால். பதற்றமில்லாமல் இருந்தது இறால் மட்டும்தான்.

நுரைச்சோலைப் பக்கம் இறால் பொதி செய்கிற கம்பெனி. ஆறு மாதத்துக்கு முன் 'முடிவு முகாமைத்துவம்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். யாருக்கு எது தேவையென்றாலும் கம்பியூட்டரில் பதியவேண்டும். பொறுப்பானவர் 'ஓம்' அல்லது 'இல்லை' பொத்தானை அழுத்தவேண்டும். பக்கத்திலேயே அவர் பெயர் விழும். கொழும்பு டிரெக்டர் இப்போது நேரில் வந்து இதை இங்கிலிஷில் விளக்க, தமிழில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. வாரத்துக்கொரு பத்தி எழுதுகிறவன் சும்மா இருக்கிறவன்தான் என்பதில் ஊரில் இரண்டு கருத்தில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

நல்ல ஏற்பாடுதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது... திரையைப் பார்க்கும்வரை.

பொத்தான்கள் மூன்று இருந்தன. மூன்றாவதில் 'இன்ஷா அல்லாஹ்'; அதை அழுத்தினால் யார் பெயரும் விழாது.

"இது ஆர்ட வேலை தம்பி?" மனேஜர் ஹனிபாவிடம் கேட்டேன்.

"நாங்கதான், நானா, கேட்டு வாங்கின. இல்லைன்னு அழுத்தினா என்ட பேரு விழுது. கேட்டவன் சொந்தக்காரன். நாளைக்குக் கலியாண ஊட்டுல ஒரே சஹன் தட்டுச் சோத்துல கை வைக்கணும். எந்த முகத்தோட வைக்கிற?"

"அப்ப ஓம்னு அழுத்துங்க."

"அதுக்கும் என்ட பேருதானே விழுது."

டிரெக்டருக்கோ அந்தப் பொத்தானில் தனிப் பெருமை. ஊர்ப் பண்பாட்டை மதித்திருக்கிறோம் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னால் ஆனதைச் செய்கிறேன், மிச்சம் அல்லாஹ்வின் நாட்டம் என்று வாக்குக் கொடுக்கிற வார்த்தை அது. அதைப் போய் 'செய்யமாட்டேன்' என்பதற்குப் போர்வையாக்கி, கம்பியூட்டரிலும் ஏற்றிவிட்டோமே — வெட்கமாக இல்லையா நமக்கு?

அப்போது ரிஸானா வந்தாள். பொதி செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர்.

"சேர், கோல்ட் ரூம் கதவுல உள்பக்கக் கைப்பிடி கழண்டு கெடக்கு. உள்ளுக்கு மாட்டினா வெளிய ஆராச்சும் தொறக்கணும். நோன்புக்கு முந்திப் பதிஞ்ச. இப்ப ஹஜ்ஜும் முடிஞ்சி."

ஹனிபா திரையைத் தட்டினார். மூன்றாவது பொத்தான்.

"அல்லாஹ் நாடணுமே ரிஸானா."

"அவன் நாடிட்டான் சேர். நீங்கதான் இன்னம் நாடல்ல."

விஷயத்தை டிரெக்டருக்குச் சொன்னேன். காட்டுங்கள் என்று உள்ளே நடந்தார். பின்னாலேயே நான். குளிர் வெளியேறிவிடுமே என்ற பழக்கதோஷத்தில் ஹனிபா கதவைச் சாத்தினார். சாத்திய கையோடு போன் வந்தது. பேசிக்கொண்டே கேட் பக்கம் போய்விட்டார். ரிஸானா ஏற்கெனவே பொதி செய்யும் மேசைக்குத் திரும்பியிருந்தாள்.

தட்டினோம். மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? போனில் சிக்னலும் இல்லை. இப்படி மாட்டிக்கொண்டால் என்ன நடைமுறை என்று டிரெக்டர் கேட்டார். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், தெரிவித்தேன்.

பெட்டி எடுக்க வந்த ரிஸானாதான் திறந்தாள். சிரிக்கவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி தேத்தண்ணியையும் விட்டுவிட்டுக் கதவடியில் காவல் நிற்பாளாம். இவ்வளவு காலமும் அப்படித்தானாம். நேற்று ஒருத்தி அந்தக் காவலும் இல்லாமல் மாட்டி, விறைத்துப்போய் வெளியே வந்தாளாம்.

அன்று பின்னேரமே கைப்பிடி வந்தது. டிரெக்டர் தன் பெயரிலேயே 'ஓம்' அழுத்தினார். பிறகு எல்லோரையும் கூட்டி, புதிய முறையில் முடிவு எவ்வளவு வேகமாக வருகிறது பார்த்தீர்களா என்றார். அதையும் நானே தமிழில் சொல்லவேண்டியிருந்தது. பெண்கள் மாதக்கணக்காக விறைத்தது 'பரிசீலனை'. ஒரு டிரெக்டரின் மூக்கு நுனி விறைத்தது 'முடிவு'. இதற்குக் கம்பியூட்டர் எதற்கு? ஒவ்வொரு மேலதிகாரியையும் அவரவர் தள்ளிப்போட்ட இடத்தில் வைத்துப் பூட்டினால் போதாதா?

கேட்டடியில் ரிஸானா மறித்தாள்.

"நானா, லேடீஸ் டொய்லட்ல தாழ்ப்பாள் விழுகுதில்ல. அதுவும் மூணாவது பொத்தான்லதான் கெடக்கு. டிரெக்டர ஒருக்கா அங்கயும் கூட்டி வாங்களேன்."

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் பார்த்த பார்வைக்கு அந்தக் குளிர் அறையே பரவாயில்லை.