நான் உப்புத் துடைத்த கதை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டெல்லிக்குப் போயிருக்க வேண்டியவள் என் சித்தி. அவள் போகாததற்கு நான்தான் காரணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது.

சித்தி செங்கல்பட்டில் தாத்தா வீட்டில் இருந்தாள். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் சூரிய மின்கலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். வெயிலை மின்சாரமாக்கும் மெல்லிய படலத்தைக் கண்ணாடியின் மேல் படியவைப்பது அவள் வேலை. அந்தப் படலத்துக்குக் குறைகடத்தி என்று பெயர் சொன்னாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன்.

"இருட்டுல கம்முனு கிடக்கும். வெயில் பட்டா மனசு மாறிடும்."

"உங்கப்பாவுக்கு எந்த வெயில் பட்டாலும் மாறாது" என்றாள் அம்மா.

கடல் காற்றில் அந்தப் படலம் சீக்கிரம் கெட்டுப்போகுமாம். அதைத் தடுக்க சித்தி ஒரு பூச்சு தயாரித்திருந்தாள். மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கடல் கூப்பிடு தூரம். பூச்சு பூசிய பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி அங்கே வைத்தாள். "இந்தக் காத்துல கதவு கீலே துருப்புடிச்சு உதிருது, இது எங்கடி நிக்கும்?" என்று அம்மா சிரித்தாள். ஞாயிறுதோறும் சித்தி திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து, மின்சாரம் எவ்வளவு வருகிறதென்று மீட்டர் வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொள்வாள். மற்ற ஆறு நாளும் காக்கா உட்காராமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

முதல் இரண்டு ஞாயிறும் அளவு இறங்கியது. சித்தி மீன் குழம்புச் சோற்றைக் கையால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சித்தி ஆச்சு?"

"உப்புடி. வெள்ளையா படிஞ்சிகினு கீது பாரு. என் பூச்சு தாங்கல போல."

உப்புதானே! மறுநாள் பள்ளிக்குக் கிளம்புமுன் என் பழைய பாவாடைத் துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, பன்னிரண்டையும் பளபளவென்று துடைத்தேன். அதன் பிறகு ஒருநாள்கூட விடவில்லை. காய்ச்சலடித்த அன்றும் மாடியேறினேன். அளவு இறங்குவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியின் முகம் மலர மலர எனக்குத் துணி பிழியும் கை வலிக்கவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சரியான சமயத்தில் சொல்லி அசத்த வேண்டும் என்றிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சமயம் வந்தது. சித்தி இனிப்போடு வந்தாள். அவளுடைய பூச்சைப் பற்றி டெல்லியில் ஒரு பெரிய கூட்டத்தில் கட்டுரை வாசிக்க அவள் பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார். அம்மா அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் இருவருக்கும் நடுவில் புகுந்து சொன்னேன்: "நாந்தான் சித்தி தெனம் தொடச்சேன்!"

அம்மாவின் கை என்னை அடிக்க ஓங்கியது. சித்தி அதைப் பிடித்து நிறுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நோட்டைத் திறந்து, எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தண்ணீர், எந்தத் துணி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நான் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "யாருக்குடி தெரியப்போவுது? நாம மூணு பேருதான். இவ வாயத் தொறக்க மாட்டா. பேசாம டெல்லிக்குப் போய்ட்டு வா."

"இத நம்பி எவனாவது கடலோரத்துல வூட்டு மேல வாங்கி வைப்பான்க்கா. ஒரே மாசத்துல பொட்டுனு பூடும்."

அடுத்த ஞாயிறு சித்தி மரச்சட்டத்தைக் கழற்றி எடுத்துப்போக வந்தாள். டெல்லி இல்லை என்று ஆகியிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய இன்னும் ஒரு வருடம் ஆகும். அவளுக்கு வந்திருந்த வரன் அத்தனை நாள் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டதால் தாத்தா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க சார்கிட்ட சொன்னியா சித்தி?"

"சொன்னேன்டி."

"நாந்தான் தொடச்சேன்னு சொன்னியா?"

"இல்ல. நான் சரியா கவனிக்காம வுட்டுட்டேன்னு சொன்னேன்."

இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் உழைத்தவள் நான். என் பேரையே சொல்லாமல் விட்டுவிட்டாளே! பஸ் நிலையம்வரை அவளோடு நான் பேசவில்லை. அவள் வாங்கிக்கொடுத்த மாங்காய்ப் பத்தையை மட்டும் தின்றேன். சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து சித்தி சிரித்தாள். "டாட்டா காட்டு" என்று அம்மா என் தோளை இடித்தாள். என் உழைப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டவளுக்கு டாட்டா எதற்கு என்று, பஸ் திரும்பும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.