பீரங்கிக்கு யார் பொட்டு வைத்தது

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சியில் எனக்கு வந்திருக்க வேண்டிய முதல் பரிசைக் கொண்டுபோய்ச் சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தாலும் ஒரு சொட்டுநீர்ப் பாசனம் இருந்தே தீரும். ஒரு தட்டில் மண், நாலு தக்காளி நாற்று, குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று. அதைச் செய்ய அரை நாள் போதும். நான் ஒன்றரை மாதம் உழைத்திருந்தேன்.

நான் செய்தது பாலைவனத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி நிற்கிற இடம். கேரம் போர்டு அளவுக்கு ஒரு பலகை, அதன் மேல் மணல் மேடுகள், நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றி மணல் மூட்டைகள், உள்ளே வானத்தைப் பார்த்தபடி இரட்டைக் குழல் பீரங்கி. இதெல்லாம் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்பீர்கள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ராணுவத்தில் அந்தப் பீரங்கிப் படையில்தான் இருந்தார். ராஜஸ்தானில் இருந்துவிட்டு, சர்வீஸ் முடிவதற்குள்ளேயே இடது காது கேட்காமல் ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டின் முன்பக்கம் அப்பா வைத்திருந்த பட்டறையில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்வார்கள். அங்கே ட்ரில்லிங் மிஷினில் மாமாவுக்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தார் அப்பா.

மாமாவிடம் கேட்டு எதையும் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் பட்டாளத்தைப் பற்றி எதைக் கேட்டாலும், "அதெல்லாம் எதுக்குங் கண்ணு" என்று மிஷினைப் போட்டுவிடுவார். மிஷின் ஓடினால் நமக்கே காது கேட்காது, அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. அதனால் நான் அம்மாவின் ஆல்பத்தில் இருந்த ஒரே ஒரு போட்டோவை நம்பினேன். மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் பீரங்கிக்கு முன்னால் நிற்கிற போட்டோ. பூதக்கண்ணாடி வைத்து மூட்டைகளை எண்ணினேன். வலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, தோட்டாப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் எங்கே உட்காருவார்கள் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். குழல்கள் தொடங்குகிற இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கறை இருந்தது. எங்கள் வீட்டில் குங்குமம் படாத பொருளே கிடையாது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஆல்பத்தை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அம்மாவை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கறையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே செய்தேன்.

வீட்டுக்காரர்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். எங்கள் வீட்டில் அது நடக்காது. மணல் வேண்டும் என்றேன். அப்பா ஒரு பவுண்டரியில் இருந்து வார்ப்பு மணலைக் கொண்டுவந்து கொட்டினார். அது கரி மாதிரி இருந்தது. பாலைவனம் எந்த ஊரில் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "மண்ணுன்னா மண்ணுதான் அம்மணி" என்றார். சண்டை போட்டு, உலைக்குப் போகாத புது மணலை வாங்கிவரச் செய்து, செங்கல் தூள் கலந்தேன். அம்மா, பட்டறையில் மிஷின் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட் துணியில் குட்டிக் குட்டி மூட்டை தைத்துக் கொடுத்தாள். அதுவரைக்கும் நல்லது. பிறகு ஒரு சாயங்காலம் பார்த்தால் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம் நிற்கிறது. நிழலில்லாமல் பட்டாளத்துப் பிள்ளைகள் எப்படி நிற்கும் என்றாள் அம்மா. பிடுங்கிப் போட்டேன்.

பீரங்கியை மட்டும் அப்பா லேத்தில் கடைந்து கொடுத்தார். அதைக் குறை சொல்ல முடியாது. இரும்புக் கம்பியில் இரண்டு குழல், முனை சற்று விரிந்து, போட்டோவில் இருந்தபடியே. நான் அதற்கு மூன்று கை மணல் நிறப் பெயிண்ட் அடித்தேன். துளி மினுமினுப்பு இருக்கக் கூடாது. மேலே பறக்கிறவன் கண்ணுக்கு இரும்பு பளிச்சிட்டால் முடிந்தது கதை என்று கண்காட்சியில் சொல்வதற்குப் பேச்சும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கண்காட்சி, ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் தெருவுக்குத் தெரு பட்டறைகளைக் கழுவிவிடுவார்கள். லேத்துக்குச் சந்தனம், வெல்டிங் மிஷினுக்குக் குங்குமம், ஸ்பேனருக்குப் பொட்டு, டிவிஎஸ் வண்டிக்கு மாலை. எங்கள் பட்டறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த மிஷினில் யார் வேலை செய்கிறார்களோ அவர்களே அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். அப்பாவே முதலாளியானாலும் அடுத்தவர் மிஷினைத் தொடமாட்டார். மாமா விஷயத்தில் மட்டும் இது நடக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தும் அவர் ட்ரில்லிங் மிஷினுக்கு வைக்காமல் நின்றார். "நீங்களே வெச்சுபோடுங்க மச்சான்" என்று அப்பாவிடம் நீட்டிவிட்டார். இந்த வருஷமும் அதே கதை. அப்பா முகம் சுளித்துக்கொண்டே வைத்தார். நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

என் பலகையை, இடிபடாமல் இருக்கட்டும் என்று பட்டறையின் பின்பக்க மேசை மேல் வைத்திருந்தேன். பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அதைப் பார்க்கப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பீரங்கிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். குழல்கள் தொடங்குகிற இடத்தில் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சைத் துண்டு வேறு. சந்தனத்தின் ஈரம் பெயிண்டில் இறங்கி, குங்குமம் கரைந்து, பள்ளம் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அப்பாவை இழுத்து வந்தேன். அவர் கையை விரித்தார். அம்மா தென்னை மரத்தோடு நிறுத்திக்கொண்டதாகச் சத்தியம் செய்தாள். அப்போதுதான் மாமா கதவருகே வந்து நின்றார். விரல் நுனியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"ஏனுங்க மாமா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்குதுங்களா?" என்றேன். எங்கள் ஊரில் சண்டை போடுவதும் 'ங்க' போட்டுத்தான். "பாலைவனத்துல நிக்கற பீரங்கிக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானுங்களா? ராணுவத்துல இருந்தவருதானுங்க நீங்க? போட்டோவுல இருக்கறாப்பல ஒண்ணு விடாம செஞ்சு வெச்சிருந்தேன். அத்தனையும் கெடுத்துபோட்டீங்க."

அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னேன். பட்டறை முழுக்கக் கேட்டது. லேத் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரும் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். அப்பாவும் தன் பங்குக்கு, "மாப்ள, சொந்த மிஷினுக்கு வெக்கச் சொன்னா வெக்கமாட்ட, புள்ள வெளையாட்டுச் சாமானுக்குப் போயி வெச்சிருக்கறயே" என்றார். விளையாட்டுச் சாமான் என்றதற்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் மாமாவை முதலில் முடிக்க வேண்டியிருந்தது.

ஈரத் துணியால் துடைத்தேன். சிவப்பு இன்னும் பரவியது. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டிலையும் பனியன் வேஸ்ட்டையும் எடுத்தேன். மாமா என் கையில் இருந்த பனியன் வேஸ்ட்டை வாங்கிக்கொண்டார்.

"நீ உடு கண்ணு. வெச்சவன் நானு, நானே தொடைக்கறேன்."

மெதுவாகத்தான் துடைத்தார். எலுமிச்சைத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொட்டு போயிற்று. கூடவே மூன்று கை பெயிண்டும் போயிற்று. உள்ளே இருந்த இரும்பு, அப்பா கடைந்த அன்றைக்கு இருந்த மாதிரி பளபளத்தது. நான் அழுதுகொண்டே அதன் மேல் பெயிண்ட் அடித்தேன். நடுவில் விஜயதசமி ஒரு நாள்தான், அதற்குள் அது நன்றாகக் காயவில்லை. கண்காட்சியன்று காலையில் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனதில், துணி உரசி அதுவும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

நடுவராக வந்தவர் யாரோ ஒரு கல்லூரி ஆசிரியர். என் பேச்சை முழுதாகக் கேட்டார். மூட்டைகளைப் பாராட்டினார். பிறகு குனிந்து குழலின் அடியைப் பார்த்து, "இப்படிப் பளபளன்னு இருந்தா மேல இருந்து தெரியாதாம்மா?" என்றார். நான் மனப்பாடம் செய்த வரியை எனக்கே திருப்பிச் சொன்னார். அடுத்த மேசையில் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக ட்ரில்லிங் மிஷினுக்குப் போனேன். "உங்களாலதானுங்க போச்சு" என்றேன். மாமா மிஷினை நிறுத்திவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பினார். இன்னொரு முறை சொன்னேன். "ஆமாங் கண்ணு" என்றார். பலகையைக் குப்பையில் போடப் போனேன், தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் அது அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

போன மாதம் அம்மாவின் ஆல்பத்தை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் போட்டோ வந்தபோது இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் தெரியாதது அதில் தெரிந்தது. கறை போட்டோவின் மேல் இல்லை, பீரங்கியின் மேல் இருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. நிற்கிறவர்கள் எல்லாருடைய நெற்றியிலும் பொட்டு. மாமாவின் வலது கை விரல்கள் மட்டும், சட்டையில் பட்டுவிடாமல் இருக்க, உடம்பை விட்டுத் தள்ளி விரிந்திருந்தன.

கண்காட்சிக்கு அடுத்த வருஷ ஆயுத பூஜையிலும் ட்ரில்லிங் மிஷினுக்கு அப்பாதான் பொட்டு வைத்தார். இந்த மனுஷனுக்கு ஒரு பொட்டு வைக்கக்கூட உடம்பு வணங்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் சுண்டலுக்குக் கை நீட்டினேன்.