வடிதுணியில் நிற்காதது

சோதனைக் குழாயில் அந்தச் சிவப்பு எழும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கொழுப்பை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலை அமிலத்தில் கரைத்து, அமோனியா சேர்த்து, கடைசியில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிக்கல் இல்லாவிட்டால் தெளிவாகவே கிடக்கும். இருந்தால் உள்ளே எங்கிருந்தோ ஒரு ரோசா நிறம் புகைபோலக் கிளம்பி வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்புறமிருந்த சிறிய வனஸ்பதி ஆலை ஒன்றில் நான் கெமிஸ்டாக இருந்தேன். அந்த வருடம், ஒவ்வொரு கிழமையும் அந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுத்துக்கொண்டே வந்தது.

ஆலைக்காரரை எல்லோரும் முதலாளி என்றே அழைத்தோம். கிண்ணியாவைச் சேர்ந்தவர், கொப்பறா வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். புதிதாக இறக்கிய கொழுப்பில் முதல் தகரம் அவருடைய வீட்டுக் குசினிக்குப் போகும். “என்ட பிள்ளையள் தின்னாததை ஊருக்கு விக்க ஏலாது” என்பார். விற்பனையையும் களஞ்சியத்தையும் அவருடைய தம்பி பார்த்தார். அவர் எங்களுக்குச் சின்ன முதலாளி.

தேங்காயெண்ணெயை நெய்போல உறைய வைப்பதற்கு அதைச் சூடாக்கி ஐதரசன் வாயுவைச் செலுத்துவோம். அந்த வேலை நடக்க நிக்கல் தூள் வேண்டும். தூளைப் பிறகு வடிதுணியில் பிடித்துவிடலாம். ஆனால் எண்ணெயில் புளிப்பு ஏறியிருந்தால் நிக்கலில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். கரைந்தது துணியில் நிற்காது. சிட்ரிக் அமிலக் கரைசலைச் சேர்த்துக் கலக்கி, வெளுப்பு மண் போட்டு மறுபடி வடித்தால்தான் அது பிரிந்து வரும். அந்த வருடம் மழையில் நனைந்த கொப்பறாவே கிடைத்தது; அதன் எண்ணெயில் புளிப்பு ஏறியிருந்தது. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்து அமிலமும் நின்றுபோயிற்று. ஆய்வுகூட யன்னலால் பார்த்தால் குடாவுக்குள் கப்பல்கள் வருவதும் போவதும் தெரியும். எங்களுடைய அமில மூட்டை எதிலும் வரவில்லை. எலுமிச்சையிலும் அந்த அமிலம் உண்டே என்று சந்தையில் தேசிக்காய் வாங்கிப் பிழிந்து பார்த்தேன். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வேலை செய்தது. தொட்டியளவு எண்ணெய்க்குச் சாறு சேர்க்க வழியிருக்கவில்லை. உறைந்த கொழுப்பு வெள்ளையாக இல்லாமல், பாசி பிடித்த சுவர்போல நிக்கலின் மெல்லிய பச்சையோடு கிடந்தது.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அமிலம் வரட்டும். திருப்பி உருக்கிச் சுத்தம் பண்ணுவம். அதுவரைக்கும் ஒரு பீப்பாவும் வெளிய போகக்கூடாது.” சின்ன முதலாளி சிரித்தார். அண்ணனை அவர் காக்கா என்றுதான் அழைப்பார். “காக்கா, பச்சையா இருந்தா என்ன? பொரிக்கக்குள்ள ஆர் நிறம் பாக்கிற?” முதலாளி பீப்பாக்களைப் பின்னறையில் அடுக்கச் சொல்லிப் பூட்டுப் போட்டார்.

அமிலம் வரவேயில்லை. மாதங்கள் போயின. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவித பயம் வந்தது. நிக்கல் தங்கிய கொழுப்பு சும்மா கிடக்காது, தன்பாட்டில் கெட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வருடக் கடைசியில் சின்ன முதலாளியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. முதலாளியோடு நானும் கரைக்குக் கரை ஆளேற்றும் பாதைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நிக்காஹ் முடிந்து மத்தியானச் சாப்பாடு பரிமாறினார்கள். பலர் கூடியிருந்து உண்ணும் பெரிய சஹனில் நெய்ச்சோறு ஆவி பறக்க வந்தது. என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்ட முதலாளி முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். ஏலக்காய்க்கும் கறுவாவுக்கும் அடியில் இருந்த அந்த வாடை எனக்கும் பிடிபட்டது. பழைய சவர்க்காரமும் பெயின்ற்றும் கலந்ததுபோன்ற வாடை.

“கெமிஸ்ட், இது நம்மட சாமான்தானே?”

“ஓம், முதலாளி.”

“ஆரும் மவுத்தாகுவாங்களா?”

“இல்லை. ஒரு நேரச் சாப்பாட்டில உயிர் ஒண்டும் போகாது.”

“தொடர்ந்து திண்டா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன்.

சின்ன முதலாளி பதறியடித்து ஓடிவந்து குனிந்தார். “காக்கா, இப்ப கதைக்காதீங்க. மாப்பிள வீட்டார் பாக்கிறாங்க.” முதலாளி எழுந்து நின்றார்.  “ஆரும் சோத்துல கை வைக்காதீங்க. கெட்டுப்போன கொழுப்புல ஆக்கியிருக்கு. என்ட ஆலைக் கொழுப்பு.”  மாப்பிள்ளையின் தகப்பன் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். உள்ளேயிருந்து மணப்பெண் அழும் சத்தம் கேட்டது.

மறுநாள் பின்னறையைத் திறந்தோம். பூட்டு அப்படியே இருந்தது. பீப்பாக்களும் அடுக்கியபடியே நின்றன. ஒன்றைத் திறந்தபோது கடல் தண்ணீர் தளும்பியது. மற்றவற்றிலும் அதுதான். சின்ன முதலாளி வேறொரு சாவி செய்து, கொழுப்பைத் தகரங்களில் அடைத்து, வடக்குக் கரையோரம் உப்புவெளி தொடங்கித் திரியாய்வரை கடைகளுக்கு அனுப்பியிருந்தார்; கலியாணச் சமையலுக்கும் அதையே எடுத்திருந்தார். முதலாளி வாடகைக் கார் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போனார்; நானும் கூடப்போனேன். சில தகரங்கள் திரும்பக் கிடைத்தன. இறக்கக்கண்டியில் ஒரு கடைக்காரர் முகம் மலர்ந்து, “நல்ல சாமான் முதலாளி, சனம் கேட்டுக் கேட்டு வாங்கிச்சுது. இன்னும் இருக்கோ?” என்று கேட்டார். 

ஆலையை மூடினார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. நான் வேறு வேலைக்குப் போன பிறகும் அவர் என்னைத் தேடி வருவார். நிலாவெளியில் யாருக்கோ ஈரல் நோவாம், திரியாயில் ஒரு பொம்பிளைக்கு உடம்பெல்லாம் சொறியும் கடியுமாம். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, “அது நம்மடதால இருக்குமா?” என்று கேட்பார். இராது என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த செய்தியோடு மறுபடி வருவார். நான் சொன்னதை அவர் ஒருநாளும் நம்பவில்லை.

கலியாணம் முறியவில்லை; அந்த மணப்பெண்ணுக்குச் சில வருடங்கள் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. பிறந்து சில நாட்களில் இறந்துபோயிற்று. செய்தி கேட்டு நானும் போனேன். மையவாடி வாசலில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பாராமல் நின்றார்கள். அடக்கம் முடிந்து சனம் கலைந்தபோது, சின்ன முதலாளி நேரே என்னிடம் வந்தார். 

“கெமிஸ்ட், அது... அண்டைக்கு நான் வித்ததாலயா?”

நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. கிட்ட வந்து தம்பியின் தோளைப் பிடித்தார்.

“இல்லடா. கெமிஸ்ட் எனக்கு எத்தினையோ தரம் சொல்லிட்டார். அதால இல்ல. நீ வா.”

இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போனார்கள். இன்று அந்த ஆலை நின்ற இடத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. என்னிடம் கேட்டு வர யாரும் உயிரோடு இல்லை. ஊரில் ஒரு நோய்ச் செய்தி காதில் விழுந்தால், இப்போது நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.