வன்னியம்பட்டி விலக்கில் நின்றவளை எழுதியவர்

கனகம் பெரியம்மா இறந்துவிட்ட செய்தி விடிகாலையில் தொலைபேசியில் வந்தது. நான் சேத்தூரில் வீட்டில் பள்ளிப் பாடத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா பால் வண்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தார். அவரை அழைத்துச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. "நீ பஸ்ஸப் பிடிச்சு ராஜபாளையம் போயிரு. பால ஊத்திட்டு நேரா அங்க வாரேன்" என்றார் பிறகு.

துக்க வீட்டு வாசலில் காலி கேன்கள் கடகடக்க அம்மா வண்டியை நிறுத்தியதும் ஒரு பெண், "எளவு சொன்ன பொறவும் பால ஊத்திட்டுத்தான் வாரியாக்கும்?" என்று கேட்டார்.

"ஊத்தாம வந்திருந்தா, அந்தா படுத்திருக்காகளே, அவிய எந்திரிச்சு வைவாக" என்றார் அம்மா.

அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். நம் வாசகர் கூட்டத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கணவனை இழந்த பெண்கள் மறுபடி எழுந்து நடப்பதைப் பற்றியே வாழ்நாள் முழுக்க நாவல் எழுதிய கனகவல்லி, நான் பெரியம்மா என்று அழைத்தவர், திருமணமே செய்துகொள்ளாதவர். ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தாலியே கட்டாதவளுக்குத் தாலியறுத்தவ கதை எதுக்கு?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. "எனக்குத் தெரியாதுல்லா, அதான் கேட்டுக் கேட்டு எழுதுறேன். தெரிஞ்சிருந்தா இஷ்டத்துக்கு எழுதிருப்பேன்" என்பார். அவர் தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். நம் வட்டாரத்தில் உண்மையில் ஒரு பெண் செய்யாத எதையும் அவருடைய நாவலில் ஒரு பெண் செய்யமாட்டாள்.

நம் கூட்டத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். அப்போது பத்தாம் வகுப்பு. அவர் நாவல்களை நூலகத்தில் எடுத்து ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். எழுந்து நின்று, "உங்க கதையில அவங்க வேலைக்குக் கிளம்பினதும் முடிச்சிருறீங்க. மறுநாள் காலையில என்ன ஆகுதுன்னு எழுத மாட்டேங்கிறீங்களே?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏட்டி, ஒங்க வீட்ல யாரு போயிட்டா?" என்று கேட்டார். அப்பா என்றேன். அடுத்த வாரமே சேத்தூருக்கு எங்கள் வீடு தேடி வந்துவிட்டார்.

அப்பா குட்டியானைச் சரக்கு வண்டியில் எங்கள் ஊர்ப் பாலை எடுத்துப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடங்களுக்குக் கொடுத்துவந்தார். அவர் இறந்த பிறகு சித்தப்பா ஆள் வைத்து ஓட்டிப் பார்த்தார். சம்பளம் போக எங்களுக்கு மிஞ்சவில்லை. "வித்துருவோம் மதினி. நீங்க அம்மாச்சி ஊருக்குப் போயிருங்க, பிள்ள அங்க படிக்கட்டும்" என்றார். வண்டியைப் பார்க்க ஆள் வருவதாகவும் பேச்சு. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அப்பா ஆசைப்பட்டுக் கற்றுக்கொடுத்து, உரிமமும் எடுத்துவைத்திருந்தார். ஆனால் அம்மாவுக்குப் பயம் சாலையைப் பற்றியது அல்ல. பால்கோவா அடுப்பு விடிகாலையில் பற்றவைப்பது. அந்த நேரத்தில் பாலோடு முதலில் வந்து நிற்பது தாலி இழந்தவள் முகமாக இருந்தால் என்ன சொல்வார்கள்?

இதையெல்லாம் பெரியம்மா அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் தயங்கியபடியே சொன்னார். "செல்வி, என் கதையிலயும் ஒருத்தி பால் வண்டி எடுத்துட்டா. வன்னியம்பட்டி விலக்கு வரைக்கும் வந்துட்டா. அதுக்கு மேல போக மாட்டேங்கா."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "எங்க வீட்டுச் சாவு ஒங்களுக்குக் கதையாக்கும்? போக வைக்க வேண்டியதுதான! எழுதுறவுக நீங்கதான?"

"போனா அந்தக் கோவா மாஸ்டர் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியலையே. நல்ல வார்த்த சொன்னாருன்னு எழுதினா பொய். விரட்டிட்டாருன்னு எழுதினாலும் பொய். நீ வேண்டாம்னு சொல்லு, அத்தனையையும் கிழிச்சுருதேன்."

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் கொஞ்ச நேரம் பலமாகச் சத்தம் போட்டன. அங்கிருந்தே, "கிழிக்க வேண்டாம். நிக்கட்டும்" என்றார்.

வண்டியைப் பார்க்க ஆள் வருவதற்கு முந்தைய நாள், அம்மா சாவியை எடுத்துக்கொண்டார். எனக்குப் பள்ளி விடுமுறை, நானும் ஏறிக்கொண்டேன். முந்தின இரவே வந்து தங்கியிருந்த பெரியம்மா சன்னலோரம் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். ராஜபாளையம் தாண்டினோம். வன்னியம்பட்டிக்குச் சாலை பிரியும் அந்த விலக்கு வந்ததும் வண்டி நின்றது. உண்மையாகவே நின்றது. அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா 'போ' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். அம்மா குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் மாஸ்டர் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். அம்மா இறங்கியதும் மேலும் கீழும் பார்த்தார்.

"எம்புட்டு நேரமா அடுப்பு வெறுஞ்சட்டியோட காயுது! எங்கன நின்னு கதை பேசிட்டு வாரீக? நாளைக்கு இப்படி வந்தா வேற பால் பாத்துக்கிடுவேன், ஆமா!"

அம்மா கேனை இறக்கினார். திரும்பி வரும் வழியில்தான் அழுதார், சிரித்துக்கொண்டே அழுதார். "இவ அப்பாவையும் இப்படியேதான் வைவாரு அந்த மனுசன். நாளைக்குன்னு சொன்னாருல்லாக்கா? நாளைக்குன்னாருல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. இன்னொரு இடத்தில் உள்ளேயிருந்தே, "இனி ஆம்பள யாரயாச்சும் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாடிக்கை போய்விட்டது. வேறொன்று பிடிக்க அம்மா நிறைய அலைந்தார். "அந்த எடத்த மட்டும் கதையில விட்டுருங்கக்கா, படிக்கிறவுகளுக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்று அம்மா கேட்டும் பெரியம்மா ஒப்பவில்லை. "அடைச்ச கதவ எழுதலேன்னா, தெறந்த கதவ யாரும் நம்பமாட்டாக" என்றார். வண்டியை வாங்க வந்த ஆளிடம் சித்தப்பாவே, "மதினி ஓட்டுதாக, விக்கலப்பா" என்று சொல்லி அனுப்பினார். சொல்லும்போது அவர் குரலிலும் ஒரு பெருமை இருந்தது.

அந்த நாவல் வெளிவந்தபோது நம் கூட்டத்தில் முதல் பிரதியை வாங்கியது என் அம்மா. உங்களில் பலர் அன்று கைதட்டினீர்கள். அதில் அழுகை மிகக் குறைவு என்று ஒருவர் குறைசொன்னார். "அழுகைக்கு ஒரு பக்கம் போதும். அடுத்த பக்கத்துல அவ உலை வைக்கணும்லா?" என்று பெரியம்மா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கும் ஒரு குறை இருந்தது. பலருடைய நாவல்களில் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லவன் கிடைப்பான், அல்லது அவள் பெரிய ஆளாகிவிடுவாள். இதில் அவள் வண்டி ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். "கடைசியில அவ சந்தோஷமா இருக்காளா இல்லையா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏன்ட்டி கேக்க? அவட்டயே போயிக் கேளு."

அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்பா போனதிலிருந்து அம்மாவிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை என்பது பெரியம்மா போன பிறகுதான் உறைத்தது. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களிடம், யாரும் கேட்காததை அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்! பதில் வரும்வரை பேனாவைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேட்பதைத்தான். நானும் ஒருநாள் எழுதுவேன். கேட்காமல் எழுதமாட்டேன்.

துக்கத்துக்குப் போய்வந்த மறுநாள், அம்மா வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அம்மா குழாயை மூடாமலே யோசித்தார்.

"சந்தோஷமான்னு தெரியலட்டி. ஆனா காலைல எந்திரிக்கையில, எங்க போகணும்னு எனக்குத் தெரியுது."