மலைப்பாம்புக்குக் காவல் நின்ற காலை

சிங்கப்பூரில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடக் கூடாது, போனை எடுக்க வேண்டும். பூங்காவில் புல் வெட்டும் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதுதான். போன வாரம் நடைபாதை ஓரம் ஒரு மலைப்பாம்பு, எதையோ விழுங்கிய வயிற்றோடு நகராமல் கிடந்தது. பிடித்துப்போக ஆட்கள் வரும்வரை யாரும் அதைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள் என்று மேற்பார்வையாளர் ஹசன் என்னை நிறுத்தினார். சென்னைக்கு வெளியே நூம்பலில் பிறந்தவன் இங்கே பாம்புக்கு வாட்ச்மேன். சிரிப்பு வர வேண்டிய இடம்தான், வரவில்லை.

மூன்று வருடம் முன்பு, ஊரில் மழை விட்ட ஒரு காலையில், ஷிப்டுக்குக் கிளம்பி வண்டியை எடுக்கப் போன அப்பாவைக் கண்ணாடிவிரியன் கடித்தது. எங்கள் தெரு ஒரு காலத்தில் வயலாக இருந்தது. ஏரித் தண்ணீர் பாய்ந்த இடத்தில் மனை போட்டு வீடு கட்டினோம். அங்கிருந்த தவளையும் எலியும் அவற்றைத் தின்ன வந்தவையும் எங்கேதான் போகும்? இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. காரியத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன், திரும்பி வந்து புல் வெட்டினேன். அழுகை மட்டும் இன்றுவரை வரவில்லை.

நான் சிலையாக நிற்பதைப் பார்த்து, பயந்துவிட்டேன் என்று நினைத்த ஹசன், “டோண்ட் வொரி லா, நோ பாய்சன்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்போது ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

“ண்ணா, தண்ணித் தொட்டியாண்ட பாம்பு ஒண்ணு கீதுண்ணா. புள்ளைங்க வெளிய வெளையாடிக்கினு கீதுங்க. கடப்பாரையோட நிக்கிறேன். இன்னா பண்ணட்டும்?”

“இன்னா பாம்புடா?”

“தெர்லண்ணா, வாலுதான் தெரீது.”

பிடிக்கிறவர்களைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். அங்கேயும் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள். அதற்குள் ஒரு சீனப் பெண்மணி போட்டோ எடுக்க மலைப்பாம்பை நெருங்கினார். ஒரு கையை நீட்டி அவரைத் தடுத்துக்கொண்டே, போனில், “அடிடா” என்றேன்.

மூன்று அடி கேட்டது. பிறகு தம்பி மூச்சு வாங்குவது கேட்டது.

“ண்ணா... சாரைண்ணா. எலி புடிக்க வந்துகீது.”

சாரைக்கு விஷம் கிடையாது. “சரி, புள்ளைங்கள உள்ள கூப்புடு” என்று வைத்துவிட்டேன். பரிதாபமோ நிம்மதியோ, எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. பாம்புக்கு முன்னால் நீண்டிருந்த என் கையைப் பார்த்து, “யூ லவ் அனிமல். குட் மேன்” என்று சிரித்தார். நான் கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.