முள் குத்திய விரல்

பவளம் வளையல் போடுவதை விட்டுப் பதினாறு வருடங்கள் ஆகின்றன. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவள். முழங்கையால் குழாயைத் திறந்து, நக இடுக்கிலிருந்து முழங்கை வரை மருந்துச் சோப்பால் தேய்ப்பாள். வழியும் தண்ணீர் விரலுக்குத் திரும்பாதபடி கைகளை உயர்த்திப் பிடித்து, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள்.

வீடு ஓசூரை அடுத்த தளி ஊர்ப் பக்கம். கணவன் சிவராஜுக்கு ரோஜாத் தோட்டம். அவளை முள் பக்கமே விடமாட்டான். "அந்தக் கைய நம்பி யாரோ மேஜை மேல படுத்திருக்காங்க" என்று ஆட்களிடம் பெருமையாகச் சொல்வான்.

அந்தப் பிப்ரவரியில் பூ லாரி பெங்களூருக்குப் புறப்பட வேண்டிய நாளில் ஆட்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அவன் தனியாக அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பவளம் தோல் கையுறை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். உறையையும் மீறி வலது சுட்டுவிரலில் ஒரு முள் ஏறியது.

மறுநாள் மருத்துவமனையில், தெலுங்கு பேசும் நாராயணம்மா என்ற பெண்மணிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை. பவளம் கை கழுவும் தொட்டியின் விளக்கடியில் விரலைப் பார்த்தாள். நுனி சிவந்திருந்தது. குழாயை மூடினாள்.

"நான் இன்னிக்கு நிக்க முடியாதுங்க சார்."

அறுவை செய்யவிருந்த டாக்டர் சுபாஷ் எட்டிப் பார்த்தார். "சின்னக் காயந்தானம்மா. ரெண்டு கிளவுஸ் போட்டுக்க."

"கிளவுஸ் கிழிஞ்சா என்னங்க பண்றது? புது மூட்டுல கிருமி ஒட்டுச்சுன்னா அந்தம்மாவ மறுபடியும் அறுக்கணும்."

அவர் முகம் இறுகியது. அன்றைக்கு இன்னும் இரண்டு அறுவைகள் இருந்தன. பவளம், விடுப்பில் ஜூஜுவாடி வீட்டிலிருந்த இன்னொரு தியேட்டர் நர்ஸ் தமிழ்செல்வியைத் தனக்குப் பதிலாக வரும்படி போனில் அழைத்துவிட்டு, மயக்க மருந்துக்குக் காத்திருந்த நாராயணம்மாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னாள்.

நாராயணம்மா அவள் விரலை உற்றுப் பார்த்தாள். "அய்யோ தல்லி, என் தாயே! மஞ்சளாவது வெச்சியா?"

பவளத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முக்கால் மணி நேரத்தில் தமிழ்செல்வி ஈரத்தலையோடு வந்து சேர்ந்தாள். அறுவை நல்லபடியாக முடிந்தது. கடைசி அறுவை மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. டாக்டர் இரண்டு நாள் பவளத்திடம் பேசவில்லை. வீட்டில் சிவராஜ் பாத்திரத்தைக்கூட அவளைத் தொட விடவில்லை.

விரல் ஆறும்வரை அவளை வார்டில் போட்டார்கள். தியேட்டரில் அவள் பார்த்ததெல்லாம் கண்மூடிப் படுத்த மனிதர்கள்தான். அறுத்துத் தைத்த கால் எழுந்து நடப்பதை அவள் கண்டதே இல்லை. இப்போது நாராயணம்மா அவள் இடது கையைப் பற்றிக்கொண்டு, ஓரடி, இன்னோரடி வைத்தாள்.

"மெதுவாங்கம்மா, மெதுவா."

"நீ பயப்படாத. நானே நடக்கறேன்" என்றாள் நாராயணம்மா.

எதிரே வந்த டாக்டர் நின்று அந்தக் காலைப் பார்த்தார். பிறகு பவளத்தின் விரலைப் பார்த்தார்.

"ஆறட்டும். அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவரும் போக வழி விட்டு ஒதுங்கினார்.